ஊர் பார்க்க வந்த சனமில்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போய்விட்டு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டால் முப்பது வருடமாக ஒரே பதில்தான். "நாங்கள் என்ன ஊர் பாக்க வந்த சனமே?" கோபமாகச் சொல்ல மாட்டாள். அரிசி களைந்தபடி, துணி மடித்தபடி, கை வேலையை நிறுத்தாமல் சொல்வாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. சின்ன வயதில் அந்த வார்த்தை என் காதில் விழுந்து போய்விடும். வேலைக்கு வந்து, கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்த பிறகு அது முள்ளாகத் தைத்தது. நான் பிச்சாவரம் போனேன், வடலூர் போனேன், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, ஏதோ எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டு வந்தவள் போல வாசலில் ஒரு நிமிடம் நிற்பேன்.

1990இல் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, மன்னார் வந்து, படகேறி, மண்டபம் அகதி முகாமில் பதிந்து, அங்கிருந்து கடலூர் மாவட்டத்தில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு ஏழு வயது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேர் அதைக் கேட்டுக் களைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். படகில் அம்மா மடியில் வைத்திருந்தது ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் தண்ணீரும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காணி உறுதியும், அதாவது ஊரில் எங்கள் நிலத்தின் பத்திரமும். போத்தல் எப்போதோ போய்விட்டது. உறுதி இன்றைக்கும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைப்பாள்.

எனக்குப் பயணம் என்றாலே அன்றைக்கே திரும்பி வருவதுதான். முகாமில் செக்கிங் உண்டு. அந்த நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் தங்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளியில் ஒரு வருடம் கன்னியாகுமரிக்கு மூன்று நாள் டூர் போட்டார்கள். நடுவில் செக்கிங் நாள் வந்ததால் நான் பெயரே கொடுக்கவில்லை. அடுத்த வருடம் செஞ்சிக் கோட்டை என்றார்கள். விடிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் வந்துவிடலாம். அப்பா அன்று மாலையே பணத்தைக் கட்டிவிட்டார். ராஜகிரி உச்சியில் நின்று வயலும் ஏரியுமாகக் கீழே கிடந்த நிலத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறோமா என்று தோன்றியது. அதுவரை எனக்கு இந்தியா என்றால் முகாமும், பள்ளிக்கூடமும், ரேஷன் கடையும்தான். இன்றைக்கும் யாராவது ஓர் இடத்தைப் பற்றிப் பேசினால், அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பேன்.

2003இல் அப்பா இறந்தார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைக் கன்னியாவில் செய்வார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் இடம். ஏழும் ஏழு விதச் சூடு. சதுரமாகக் கட்டிய சின்னக் கிணறுகள், கை விட்டால் எட்டும் ஆழம் என்று அம்மா சொல்வாள். அங்கே போக வழியில்லை. அப்பாவின் சாம்பலைப் பெண்ணையாற்றில் கரைத்தோம். அன்று நல்ல வெயில். ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. அப்புறம் இருபது வருடம் அம்மா அந்த ஆற்றில் இறங்கவே இல்லை.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது முகாமில் எங்கள் கூரையும் போனது. ஊர் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்த அந்த வாரத்துக்குப் பிறகுதான் முகாமுக்கு வெளியே தங்க வெளிப்பதிவுக்கு எழுதிப்போட்டு, அம்மாவை மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நான் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு விடுமுறை. அந்த ஞாயிறுகளில்தான் நான் இந்த ஊரைப் பார்த்தேன்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

அம்மா கடலூர் மாவட்டத்தை விட்டு வெளியே வந்தது ஆஸ்பத்திரிக்காக மட்டும்தான். 2014இல் கண்புரை அறுவைக்குப் புதுச்சேரி போக வேண்டியிருந்தது. பஸ் முள்ளோடையைத் தாண்டியதும் கடைகளின் போர்டு மாறியது, வண்டிகளின் நம்பர் மாறியது. இது வேறு மாநிலமா என்று அம்மா கேட்டாள். யூனியன் பிரதேசம் என்றேன். "அப்ப பதிஞ்ச இடத்தை விட்டு வந்திட்டம்" என்று பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் கண்டக்டர் "கன்னியக்கோயில், கன்னியக்கோயில்" என்று குரல் கொடுக்க, அம்மா சட்டென்று நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் காதில் அது கன்னியா என்றுதான் விழுந்திருக்கிறது. பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு மெதுவாகச் சாய்ந்துகொண்டாள். அன்று பஸ்ஸில் நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. கிருமாம்பாக்கம் போனது, தவளக்குப்பம் போனது, அரியாங்குப்பம் பாலமும் வந்துவிட்டது.

புதுச்சேரிக்கு நான் தனியாகப் போன நாட்கள்தான் அதிகம். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் போயிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கூட்டத்தில் எனக்கும் வடத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையை உரசியது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஒருவர் என் இடுப்பைப் பிடித்து முன்னே தள்ளி, "இழு இழு, பாத்துக்கினே நிக்காத" என்றார். நான் யார், எந்த ஊர், என் அடையாள அட்டை என்ன நிறம் என்று அந்தக் கயிற்றில் கை வைக்க யாரும் கேட்கவில்லை. வீடு வந்து அதைச் சொன்னபோது அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் புதுச்சேரியில் என்னை உட்கார வைத்தது தேர் இல்லை. ஒரு ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே நின்றிருந்தேன். கோட்டில் பதக்கங்கள் குத்திய தாத்தாக்கள் வரிசையாக வந்து நின்றார்கள். தமிழ் முகங்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டதும் நம் தமிழ்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், இன்னும் பிரெஞ்சுக் குடிமக்கள். இங்கே அவர்களைச் சொல்தா என்பார்கள். அன்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பிறகு தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் பக்கம் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அந்த ஒப்பந்தத்தில், இந்த ஊர்க்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

ஆறு மாதம். இதை அம்மாவிடம் சொன்னேன். வீட்டில் அமர்ந்து, கணவனும் மனைவியும் யோசித்து, பெரியவர்களிடம் கேட்டு, நமக்கு எந்த நாடு என்று ஓர் எழுத்தில் கொடுக்கலாம். அவர்களிலும் தவித்தவர்கள் இருந்திருப்பார்கள், அண்ணன் ஒரு நாடும் தம்பி ஒரு நாடுமாகப் போன வீடுகள் இருந்திருக்கும். இருந்தாலும் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அந்தச் சட்ட வரியைப் பிடித்துக்கொண்டு, 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அன்று செய்தியைப் பார்த்துத் தம்பி போன் செய்தான். அவன் 1992இல் இங்கேயே பிறந்தவன். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. "அக்கா, அஞ்சு வருசம் முன்னாடி பொறந்திருக்கலாம் நான்" என்றான். 2021இல் முகாமின் பெயரில் 'அகதிகள்' போய் 'மறுவாழ்வு' வந்தது. அது நல்ல மாற்றம்தான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தம்பியின் கேள்விக்குப் பெயர்ப் பலகையில் பதில் இல்லை.

அப்போதுதான் அம்மாவின் வார்த்தை எனக்கு வேறு மாதிரி விளங்க ஆரம்பித்தது. அதுவரை அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கனடாவில் இருக்கும் சித்தி நயாகராவுக்கு முன்னால் நின்று படம் அனுப்புவாள். அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். "வடிவா இருக்கிறாள்" என்பாள். சித்தி ஊர் சுற்றுவது அவளுக்குத் தப்பாகத் தெரிந்ததே இல்லை. சித்தியிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. அது அவள் நாடு, பார்க்கிறாள். சித்தி ஒருமுறை என்னிடம் "நீ நல்லாத்தான் ஊர் சுத்துறாய்" என்று விளையாட்டாகச் சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மாவின் கணக்குப்படி ஒரு நாட்டை ஆற அமரச் சுற்றிப் பார்ப்பதற்கு உள்ளே ஓர் உரிமை வேண்டும். விருந்தாளி வீட்டின் அறைகளைத் திறந்து பார்க்க மாட்டாள். சொந்தக்காரி பார்ப்பாள். நாங்கள் இரண்டும் இல்லை.

ஆனால் எனக்கு இந்த ஊர் வேண்டும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. என் நாற்பது சொச்ச வருடத்தில் முதல் ஏழைத் தவிர மீதியை எல்லாம் இங்கே வாழ்ந்திருக்கிறேன். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு ஊர் ஊராகத் தங்கி வருவதும், கிள்ளையில் தர்காவைச் சேர்ந்தவர்கள் அவரை வரவேற்பதும் எனக்குத் தெரிய வேண்டும். பிச்சாவரத்தில் படகுக்காரர் சுரபுன்னை என்று காட்டிய மரத்தைத்தான் எங்கள் ஊரில் கண்டல் என்பார்களா என்று தெரிய வேண்டும். படம் எடுத்து வந்து காட்டியபோது அம்மா வேரைப் பார்த்ததும் "கண்டல்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் என் போனில் இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். வடலூருக்கு ஒரே ஒரு முறை என்னோடு வந்திருக்கிறாள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிற தருமசாலை. வந்தது பார்ப்பதற்கு இல்லை, அப்பாவின் திதிக்கு அங்கே அரிசி கொடுக்க. அரிசியைக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஞானசபைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கரையேறவிட்டகுப்பம்

நான் ஒரு திட்டம் போட்டேன். இப்போது எழுதும்போதும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வண்டிப்பாளையம் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் கரையேறவிட்டகுப்பம். பல்லவ அரசன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து, அவர் கரையேறிய இடம் இதுதான் என்பது நம்பிக்கை. சித்திரையில் அப்பர் கரையேறிய விழா நடக்கிறது. அவர் பாடி வணங்கிய பாடலீஸ்வரருக்குத் தோன்றாத்துணைநாதர் என்றும் பெயர். 'தோன்றாத் துணை' என்பது அப்பர் இந்தத் தலத்துப் பதிகத்திலேயே சொன்ன சொல். கடலில் போட்டவர்களைக் கரை சேர்த்த ஊர். படகில் வந்த என் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தத் தேசத்தில் வேறு எங்கே இருக்கிறது? கோயில் என்று சொன்னால் வருவாள். வந்தால் கலங்குவாள். கலங்கினால் மனம் இறங்கும். இப்படித்தான் நினைத்தேன்.

திருவிழாக் கூட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கூட்டிப் போனேன். முதலில் பாடலீஸ்வரர் கோயில். அப்புறம் கரையேறவிட்டகுப்பம். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. வீடுகள், தென்னை, தெருவில் விளையாடும் பிள்ளைகள். நான் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த கதை. சின்ன வயதில் திருகோணமலைக் கோணேஸ்வரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் தேவாரம் பாடியவள். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்று நான் ஆரம்பித்த அடியை அவளே முடித்தாள். குரல் நடுங்கவில்லை. கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பர் பிறந்த ஊர் எது?"

"திருவாமூர்மா. பண்ருட்டிப் பக்கம்."

"இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான். காலையில போனா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்."

"அப்ப அவர் வீட்டைதான் வந்து சேந்தவர்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவருக்கென்ன" என்றும் சொன்னாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வரும் கதையில், கரைக்கு வந்தவருக்கு அது சொந்தக் கரை என்பது எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. அம்மாவுக்கு முதலில் தெரிந்தது அதுதான். திரும்பும் வழியில் ஆட்டோவில் அவளே பேசினாள். கோணேஸ்வரத்துக்குச் சம்பந்தர் பதிகம் இருக்கிறதே, அவர் அங்கே வந்து பாடவில்லை, இந்தக் கரையில் இராமேஸ்வரத்தில் நின்றுதான் பாடினார் என்றாள். "இஞ்சை நிண்டு அங்கையைப் பாத்துப் பாடினவர். கோணமாமலை அமர்ந்தாரே எண்டு" என்று அடியை மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு நான் பார்த்த அப்பர். அவளுக்கு அவள் பார்த்த சம்பந்தர். அந்த வருடம் முழுக்க நான் அவளை வேறு எங்கேயும் கூப்பிடவில்லை.

தை 5

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆற்றுத் திருவிழாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து, தை 5 அன்று பெண்ணையாற்றங்கரை ஊர்களின் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும். கடலூரிலும் வரும், விழுப்புரம் பக்கத்திலும் வரும், பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்திலும் வரும். மணலில் பந்தல் போட்டுச் சாமிகளை வரிசையாக வைப்பார்கள், தீர்த்தவாரி நடக்கும், பொழுது சாய்ந்ததும் அவரவர் சாமி அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். நான் பல வருடம் போயிருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டதில்லை. அது அப்பாவைக் கரைத்த ஆறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளாகவே கேட்டாள். காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "இண்டைக்கு ஆத்தில சாமியள் வருமெண்டு பக்கத்து வீட்டிலை கதைச்சினம். அப்பா போன இடத்தை ஒருக்கா பாத்திட்டு வரவே?" ஊர் பார்க்க இல்லை, அப்பாவைப் பார்க்க. நான் கேள்வி எதுவும் கேட்காமல் புடவையை எடுத்து வைத்தேன்.

ஆற்றில் அன்றைக்கும் தண்ணீர் அதிகமில்லை. ஒரு ஓரமாக வாய்க்கால் போல ஓடியது. மீதி எல்லாம் மணல், மணல் முழுக்க ஜனம். ராட்டினம், பலூன், கரும்பு, பொரி. ஒலிபெருக்கியில் காணாமல் போன பையனின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா முதலில் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறு எத்தனையோ முறை மணலைப் புரட்டிப் போட்டிருக்கும். குனிந்து நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் ஒரு சாமியைத் தீர்த்தவாரிக்கு இறக்கினார்கள். தெறித்த தண்ணீர் எங்கள் மேலும் பட்டது. போகலாம் என்றாள்.

திரும்பி வரும் வழியில்தான் கிழங்குக் கடைகள். இந்தத் திருவிழாவுக்கென்றே வரும் கிழங்குகள்; சுருளிக்கிழங்கு ஒரு குவியல், சிறுவள்ளி ஒரு குவியல் என்று சாக்கு விரித்துக் கொட்டியிருப்பார்கள். அம்மா நின்றாள். உட்கார்ந்தாள். ஒரு சிறுவள்ளியை எடுத்தாள். மண் ஒட்டி, மேலே மயிர் மயிராக வேர். கட்டைவிரல் நகத்தால் தோலை ஒரு கோடு கீறினாள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, பிசுபிசுவென்று ஈரம் கட்டியது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இராசவள்ளி இல்லை" என்றாள் என்னிடம். "ஆனா அந்தச் சாதிதான்."

இராசவள்ளி எங்கள் வீட்டில் வெறும் பேச்சாகவே இருந்த கிழங்கு. ஊதா நிறம், தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கூழாகக் காய்ச்சுவார்கள் என்று கேட்டு வளர்ந்தேனே தவிர, நான் சாப்பிட்ட நினைவில்லை. வீட்டுக் கிணற்றடியில் வேலியோரம் கொடி ஏறி நிற்குமாம்.

கிழங்கு விற்ற அக்கா, "கிலோ போடட்டுமா? வேக வெச்சுத் தோலை உரிச்சீங்கன்னா மாவு மாதிரி இருக்கும்" என்றார். எப்போதும் கடையில் பேரம் பேசுவது நான்தான். அம்மா வாய் திறந்தால் பேச்சை வைத்து எந்த ஊர் என்று கேட்பார்கள், அதனால் பேச மாட்டாள். அன்று நான் விலையைக் கேட்பதற்குள் அவள் கேட்டாள்: "இதை எப்ப பிள்ளை நடுறது?"

"சித்திரையில பதிச்சு வுட்டா தையில தோண்டிக்கலாம்மா. கொடி ஏற ஒரு கொம்பு மட்டும் நட்டு வெச்சுக்குங்க. முளை வந்த கிழங்கா வெச்சிருக்கணும், இதுல நல்லதா ரெண்டு எடுத்து மணல்ல போட்டு வைங்க." அந்த அக்கா சொல்லிக்கொண்டே குவியலுக்குள் கை விட்டு, தேடி, இரண்டு கிழங்கைத் தனியாக எடுத்து நீட்டினார். "வெதைக்கு இத வெச்சுக்குங்க. இதுக்குக் காசு வேணாம்." எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், அவருக்கு அதற்கு நேரமில்லை.

அந்தக் கேள்வி ஏன் என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்று சொல்ல வேண்டும். முகாமில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு முழம் மண் இருந்தது. சிலர் முருங்கைக் கொம்பு நட்டார்கள், சிலர் வாழை வைத்தார்கள், ஒருவர் மாங்கன்று வைத்து அது காய்த்தும் பார்த்தார். அம்மா கீரை மட்டும்தான் போடுவாள். அரைக்கீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை. ஒரு மாதத்துக்குள் கிள்ளிச் சமைத்து முடிக்கிற எதுவாக இருந்தாலும் சரி. அதற்கு மேல் நாள் எடுக்கும் எதையும் அவள் மண்ணில் வைத்ததில்லை. "அதுக்குள்ள போயிடுவம்" என்பாள். முதல் வருடம் சொன்னாள், பத்தாம் வருடம் சொன்னாள், 2009க்குப் பிறகு வாயால் சொல்வதை நிறுத்திவிட்டாள்; ஆனாலும் கீரைதான் போட்டாள். மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெந்தயக்கீரை. சித்திரையில் வைத்துத் தையில் தோண்டுகிற ஒன்றை எப்போது நடுவது என்று இந்த நாட்டில் ஒருவரிடம் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று இரவு கிழங்கை அவித்தோம். தோல் கையோடு வந்தது. அம்மா உப்பு மட்டும் தொட்டு இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு மசித்து என்னிடம் தந்து, "நிறம்தான் இல்லை" என்றாள். விதைக்கிழங்கு இரண்டையும் பழைய மண்சட்டியில் மணல் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பங்குனிக் கடைசியில் ஒன்றில் முளை எட்டிப் பார்த்தது. சித்திரையில் இரண்டு சிமெண்டுச் சாக்கில் மண்ணும் சாணமும் நிரப்பிப் பதித்து, துணி காயப்போடும் கம்பிக்குக் கயிறு கட்டி விட்டாள். ஆவணியில் கொடி கம்பி முழுக்கப் படர்ந்து, எங்கள் துணிகளை மாடிப்படிக் கைப்பிடியில் காயப்போட வேண்டியதாயிற்று. கார்த்திகை மழையில் ஒரு சாக்கு அழுகிப்போனது. மற்றதில் பொங்கலன்று தோண்டியபோது ஆறு கிழங்கு இருந்தது, பெரியது என் உள்ளங்கை நீளம். நான்கைப் பக்கத்து வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் கொடுத்தாள். இரண்டை மறுபடி மணல் சட்டியில் போட்டாள்.

நான் இன்னும் ஞாயிறு தோறும் போகிறேன். போன மாதம் திருவாமூர் போய் வந்தேன், தனியாகத்தான். அம்மா வரவில்லை. ஊர் பார்க்க வந்த சனமே என்று இப்போதும் கேட்கிறாள். பிஸ்கட் டின்னில் காணி உறுதி அப்படியே இருக்கிறது. ஆனால் போன வாரம் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றாள்.

"சாக்கு காணாது, பிள்ளை. வேர் இறங்க இடமில்லை. வீட்டுக்கார அம்மாட்டக் கேள், கிணத்தடி மூலையைத் தருவாவோ எண்டு."

மாலையில் வந்ததும் கேட்டேன். "வெச்சுக்குங்களேன், சும்மாதான கெடக்குது" என்றார் வீட்டுக்காரம்மா. "செவுத்துல மட்டும் கொடி ஏத்தாதீங்க, இப்பத்தான் வெள்ளை அடிச்சோம்." அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்ணைப் பார்க்கப் போய்விட்டாள்.